கணினிப் பேழையும் தீந்தைத் தொழிலும்

கணினி என்பது இன்று நம் கல்லூரி மாணாக்கருட் பலருக்குப் பாடநூல் போலப் பழகிய பொருள். அதனுள் இயங்கும் மென்பொருளைப் பற்றியும், அதனாற் கிடைக்கும் தொழில்களைப் பற்றியும் இம்மலரிலேயே பிறர் எழுதியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்தது அவற்றுள் ஒன்றுமன்று. மேசையின் கீழே புழுதி படிந்து கிடக்கும் தகட்டுப் பெட்டியைப் பற்றியே எழுதுகின்றோம். அதனை அறுத்துத் திருத்துமாறும், துருவகற்றித் தீந்தை பூசுமாறும், பூசிய பின்னர் அது தொட்டவரைத் தாக்காவண்ணம் காக்குமாறும் ஈண்டுக் கூறப்படும். தமிழாசிரியருக்கு இத்தொழிலில் யாது உரிமை என வினவுவார் உளராயின், மாணவர் தமிழ் மன்றத்தின் சஞ்சிகை அப்பெட்டிகளின் உதவியாலேயே அச்சுக்கோக்கப்படுகின்றது என்பதும், சித்திரை வெயிலில் அவற்றுள் ஒன்று நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை தானே அணைந்து, சேமியாத கட்டுரைகளையும் உடன்கொண்டு போயிற்று என்பதும் விடையாகும்.

முதலிற் பெயரை நோக்குவாம். மாணாக்கர் இப்பெட்டி முழுவதையும் 'சீ.பீ.யூ.' என்கின்றனர். சீ.பீ.யூ. என்பது செயலிக்கு உரிய பெயர். அது தாய்ப்பலகையின் மேல் அமர்ந்திருக்கும், உள்ளங்கையுள் அடங்கும் சிறு சில்லு. ஆகவே பெட்டியை அப்பெயரால் அழைத்தல் வழுவெனக் கடிவார் பலர். யாம் அங்ஙனம் கருதோம். உறுப்பின் பெயர் முதலுக்கு ஆயிற்று எனக் கொண்டால் இது சினையாகுபெயர். 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்புழித் தலை என்னும் பெயர் ஆளுக்கு ஆயினாற் போல. உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதனைத் தாங்கும் கலத்துக்கு ஆயிற்று எனக் கொண்டால் தானியாகுபெயர். 'பாலை இறக்கு' என்புழிப் பால் என்னும் பெயர் சட்டிக்கு ஆயினாற் போல. இவற்றுள் எது பொருந்தும் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் வழக்காடினர். 'சீ.பீ.யூ.வைத் தூக்கி அங்காலே வை' என்புழித் தானி என்றும், 'மன்றத்துக்கு இரண்டு சீ.பீ.யூ. வாங்கினோம்' என்புழிச் சினை என்றும் யாம் தீர்ப்புக் கூறினோம். பெயர் எதுவாயினும் தூக்கும்போது கனப்பது பெட்டியே. அதனை இக்கட்டுரையிற் பேழை என வழங்குவாம்.

பேழைக்குரிய தொழில்கள் மூன்று. உறுப்புக்களைத் தாங்குதல் ஒன்று. வெப்பத்தை வெளியேற்றுதல் ஒன்று. மின்னால் வருந் தீங்கைத் தடுத்தல் ஒன்று. அழகு நான்காவது. கடையிற் பேழை வாங்குவோரோ நான்காவதையே முதலாவதாகக் கொண்டு, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் உள்ளதைத் தெரிகின்றனர். முகப்பு முழுவதும் கண்ணாடியால் அடைபட்டு, காற்றுப் புகுதற்கு விரற்கடை அகலமும் இல்லாத பேழைகள் விலையுயர்ந்தவற்றுள்ளும் உள.

பேழையை அறுத்துத் திருத்தும் வழக்கம் வெப்பத்தினின்றே பிறந்தது. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்ட காலந்தொட்டுப் பேழையென்றால் வெளிறிய சாம்பல் நிறம் அல்லது சந்தன நிறம் என்றே நெடுங்காலம் இருந்தது. 1998இல் இன்ரெல் நிறுவனம் செலறொன் 300ஏ என்னும் மலிவான செயலியொன்றை விற்றது. 300 மெகாஏட்சில் ஓடவேண்டிய அதனை 450 மெகாஏட்சில் ஓட்டலாம் என அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர் கண்டனர். வேகத்தோடு வெப்பமும் மிகுந்தது. வெப்பத்தை வெளியேற்றுதற்குப் பேழையின் கூரையில் துளையிட்டு மின்விசிறி பொருத்தினர். துளையிட்டவன் கை சும்மா இராதன்றோ? அடுத்துப் பக்கத் தகட்டில் சாளரம் அறுத்தனர். பின்னர்த் தீந்தை பூசினர். தத்தம் கணினிகளைச் சுமந்து சென்று ஒரே மண்டபத்திற் கூடி விளையாடும் விழாக்களில் அவற்றை ஒருவர்க்கொருவர் காட்டிக்கொண்டனர். அதே 1998இல் அப்பிள் நிறுவனம் நீலப்பச்சை நிறத்து ஒளிகசி பிளாத்திக்கில் ஐமாக் கணினியை வெளியிட, வெளிறிய நிறத்தின் ஆட்சி தளர்ந்தது. இளைஞர் தம் கையாற் செய்த சாளரத்தையும் விளக்கையும் பிற்காலத்தில் நிறுவனங்கள் தாமே செய்து விற்கலாயின. இன்று கடையிற் காணும் கண்ணாடிப் பேழையின் பாட்டன் ஒரு வாளலகும் ஓர் அரமும் ஆகும்.

நிற்க. எம் மன்றத்துக்குரிய பேழைகள் மூன்றும் துருவேறியவை. அவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குதலே தக்கது என்று சிலர் கூறினர். அவ்வாறு கூறுதற்கு முன்னர் அளவுகோலை எடுத்துப் பார்த்தல் வேண்டும். 1995இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவைத் திட்டத்தை வகுத்தது. தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளம், 244 மில்லிமீற்றர் அகலம். பின்புறத்து இணைப்பு வாயில் 158.75க்கு 44.45 மில்லிமீற்றர், வலு வழங்கியின் முகம் 150க்கு 86 மில்லிமீற்றர், திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில் எனவும் அத்திட்டம் வரையறுக்கும். இவ்வளவுகள் இன்றும் மாறவில்லை. எனவே இருபது ஆண்டுக்கு முந்திய பேழையொன்று இவ்வாண்டு வாங்கிய தாய்ப்பலகையை ஏற்றுக்கொள்ளும். செயலி பழையதாகும், நினைவகம் பழையதாகும். தகடு மட்டும் பழையதாவதில்லை, துருப்பிடித்தாலன்றி. சில பெருநிறுவனங்கள் தமக்கெனத் தனியளவிற் செய்த பேழைகள் இதற்குப் புறநடை. அவற்றை அளந்து பாராமல் அறுத்தலாகாது.

இனி, வெப்பக் கணக்கு. பௌதிகம் பயிலும் மாணாக்கர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு கன மீற்றர் காற்றை ஒரு பாகை செல்சியசு சூடாக்குதற்கு ஏறக்குறைய 1,200 யூல் வெப்பம் வேண்டும். கணினியொன்று 200 உவாற்று வலுவை நுகர்கின்றது எனக் கொள்வோம். நுகர்ந்தது முழுவதும் ஈற்றில் வெப்பமே. நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் காற்றுப் பேழையூடாகச் சென்றால், அந்நிமிடத்தில் வெளிப்பட்ட 12,000 யூல் அக்காற்றைப் பத்துப் பாகையாற் சூடாக்கும். அறை 33 பாகையில் இருப்பின் வெளியேறுங் காற்று 43 பாகையில் இருக்கும். வழி அடைபட்டுக் காற்று அரைவாசியாகக் குறைந்தால் 53 பாகை. இது காற்றின் வெப்பநிலையே. செயலியின் வெப்பநிலை இதனினும் மிகப் பெரிது. செயலி 100 பாகையை அணுகும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பின்னரும் சூடேறினால் உயிர் தப்புதற்காக அணைந்துவிடும். எம் சஞ்சிகைக் கட்டுரைகள் போன வழி இதுவே.

பழைய பேழைகளிற் பின்புறத்தில் 80 மில்லிமீற்றர் விசிறிக்கே இடமுண்டு. அதன் வாய் 76 மில்லிமீற்றர் விட்டமுடையதெனின் பரப்பு 45 சதுர சதமமீற்றர். 120 மில்லிமீற்றர் விசிறிக்கு 114 மில்லிமீற்றர் வட்டம் வெட்டினாற் பரப்பு 102 சதுர சதமமீற்றர். இரண்டு மடங்கினும் மிகுதி. பெரிய விசிறி மெல்லச் சுழன்றே அதே காற்றைத் தள்ளுமாதலின் ஓசையும் குறையும். முன்புறம் கீழே ஒரு விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்புறம் அல்லது கூரையில் ஒன்று வெளித்தள்ளுதல் நன்று. உள்ளிழுக்கும் வாயிற்கு மெல்லிய வலையிட்டு, உட்புகுங் காற்றை வெளிச்செல்லுங் காற்றினுஞ் சற்று மிகுவித்தாற் புழுதி இடுக்குகளாற் புகாது. செம்மண் நிலத்தார்க்கு இது சிறு பேறன்று.

வெட்டுமுன் பேழையை வெறுமையாக்குக. மின்செருகியைக் கழற்றி, உறுப்புக்களைத் தனித்தனியே எடுத்துக் கடதாசிப் பெட்டியில் வைத்து, திருகாணிகளைப் பேணிகளிற் பிரித்திடுக. திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் இருவகைப்படும்; புரி பருத்தவை பேழைக்கும் வன்தட்டுக்கும், புரி நுண்ணியவை இறுவட்டு இயக்கிக்கும் உரியன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை முறுக்கினாற் புரி அழியும். வலு வழங்கியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தலாகாது. 230 உவோற்று ஆடலோட்டத்தைத் திருத்திச் சேமிக்கும் கொள்ளளவியில் 320 உவோற்றளவு மின் தங்கியிருக்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் அது உடனே வடிந்துவிட்டதெனக் கொள்ளுதற்கில்லை. அதன் பெட்டிக்குத் தீந்தை பூசவேண்டும் என்று ஆசைப்பட்ட மாணாக்கரை யாம் தடுத்துவிட்டோம். அஃது அழகில்லாமலே இருக்கட்டும்.

வட்டத்தின் மையத்தைக் காணுதற்கு 120 மில்லிமீற்றர்ச் சதுரம் வரைந்து மூலைவிட்டங்களை இடுக. அவை வெட்டும் புள்ளியே மையம். திருகாணித் துளைகள் நான்கும் 105 மில்லிமீற்றர்ப் பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் அமையும். எதிர்மூலைத் துளைகளுக்கிடையே 148.5 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். இவ்வளவு பொருந்தினாலன்றித் துறப்பணத்தைத் தொடவேண்டா. துளையிடும் புள்ளியிற் கூராணியால் ஒரு குழி தட்டினால் துறப்பண முனை வழுக்காது. பேழைத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடையது. அங்குலத்துக்கு 32 பல் உடைய வாளலகும் இத்தகட்டிற் பல்லுக்கொரு முறை மாட்டிக்கொண்டு தகட்டை நெளிக்கும். தகட்டை இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கிடையே வைத்து இறுக்கி, மூன்றையும் சேர்த்து அறுத்தால் நெளிவும் இல்லை, அதிர்வும் இல்லை. அறுத்த விளிம்பைப் பாதிவட்ட அரத்தால் அராவி, விரல் வழுக்கிச் செல்லும் வரை மினுக்குக. அரம்பொடி ஒரு துகள் தாய்ப்பலகையில் விழுந்தாலும் குறுக்குச்சுற்று உண்டாகும். ஆதலின் அறுத்த இடத்திலேயே பேழையைக் கழுவித் துடைத்த பின்னரே அறைக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

துருவைப் பற்றிச் சிறிது கூறுவாம். பேழைத் தகடு வெறும் உருக்கன்று. மின்முறையால் நாகமுலாம் பூசப்பட்டது. முலாத்தின் தடிப்பு ஒருசில மைக்கிரோமீற்றரே. தொழிற்சாலையில் வெட்டிய விளிம்புகளில் முலாம் இல்லாமையால் துரு அவ்விடத்தே தொடங்கி உள்ளே ஊரும். கடற்காற்று அதற்குத் துணை. கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் துருவைச் சுரண்டுக. தேசிக்காய்ச் சாறு துருவை நன்கு கரைக்கும். ஆயின் அது நாகத்தையும் தின்னுமாதலால் துருவுள்ள இடத்தில் மாத்திரம் தடவிக் கழுவிவிடுதல் முறை. மற்றைய பரப்பை 320ஆம் இலக்க அரத்தாளால் ஒளி மங்கும் அளவுக்கே தேய்க்க வேண்டும். ஆர்வத்தினால் மேலுந் தேய்த்தால் முலாம் போய் உருக்குத் தோன்றும். பின்னர்ச் சவர்க்கார நீராற் கழுவுக. எம் கிணற்று நீர் பல இடங்களில் உவர். உப்புத் தகட்டில் எஞ்சினால், பூச்சின் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். ஈற்றுக் கழுவலுக்குச் சேர்த்துவைத்த மழைநீர் சிறந்தது. அதன்பின் வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய் போதும் பூச்சை விலக்குதற்கு.

அடிப்பூச்சே இத்தொழிலின் உயிர்நிலை. எம் மாணவனொருவன் தன் வீட்டுப் படலைக் கம்பிகளுக்குப் பூசி எஞ்சிய சிவப்பு அடிப்பூச்சைப் பேணியோடு கொண்டுவந்தான். இரும்புக் கதவுக்கும் சாளரக் கம்பிக்கும் ஊரெங்கும் பூசப்படுவது அதுவே. எவரும் குறை கூறியதில்லை. பேணியின் மூடியைத் திறக்கும்போது பின்வரிசையிலிருந்து மற்றொருவன், "அது இந்தத் தகட்டிலை பிடிக்காது, சேர். கொஞ்ச மாசத்திலை தோல் மாதிரி உரிஞ்சு வரும்" என்றான். அவன் வகுப்பில் இலக்கண வினாவுக்கு வாய் திறவாதவன். மோட்டார் வாகனங்களுக்குத் தீந்தை பூசும் பட்டறையொன்றில் அவனுடைய தந்தையார் வேலை செய்கின்றார். விடுமுறை நாட்களில் அவனும் உடன் நிற்பவன். காரணம் என்னவென்று வினவியபோது அவன் விடை கூற அறியான். கண்டதையே கூறினான். காரணத்தை இரசாயன ஆசிரியரோடு கலந்து யாம் இவ்வாறு தெளிந்தோம்.

படலைக்குப் பூசும் தீந்தை பெரும்பாலும் எண்ணெய் சேர்ந்த பிசினாலாயது. நாகம் ஈரத்தோடு கூடும்போது காரத்தன்மையுள்ள சேர்வைகள் மேற்பரப்பில் உண்டாகின்றன. அவை எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களோடு தாக்கமுற்று நாகச் சவர்க்காரத்தைத் தோற்றுவிக்கின்றன. தகட்டுக்கும் பூச்சுக்கும் இடையே மெல்லிய சவர்க்காரப் படையொன்று வந்துவிட்டாற் பிடிப்பு எங்ஙனம் இருக்கும்? புதிதாய்ப் பூசிய நாளில் பளபளவென்று இருக்கும் பூச்சுச் சில மாதங்களின் பின் விரலாற் பற்றி இழுக்கத் துண்டு துண்டாக வருவதன் காரணம் இதுவே. வெறும் இரும்பில் இத்தாக்கம் இல்லை. ஆகவே படலையில் அப்பூச்சு நிற்கும், பேழையில் நில்லாது. பேழைக்கு வேண்டியது, வாகனப் பட்டறையார் 'எச்சுப் பிறைமர்' எனக் கேட்டு வாங்கும் அடிப்பூச்சு. அதிலுள்ள பொசுபோரிக்கமிலம் நாகத்தின் மேற்பரப்பைச் சிறிது அரித்துப் பற்றிக்கொள்ளும். எப்பொட்சி அடிப்பூச்சும் பொருந்தும். பழைய வகை எச்சுப் பூச்சுக்களிற் குரோமேற்று உண்டு. அது புற்றுநோய் விளைக்கும் நஞ்சாதலின் பேணியின் மேல் எழுதியிருப்பதை வாசித்து, குரோமேற்று இல்லாததையே கொள்க. பள்ளம் நிரப்பும் பட்டியை எச்சுப் பூச்சின் மேல் நேரே அப்புதலும் ஆகாது. எஞ்சிய அமிலம் பட்டி இறுகுவதைக் கெடுக்கும்.

அந்த மாணாக்கனே அதன் பிறகு எமக்குத் தலைமைக் கம்மியன். இலக்கணத்திலும் அவன் வாய் சிறிது திறந்திருக்கின்றது என்பதை அவனுடைய பெற்றார் அறிதற்பொருட்டு இங்கே குறிக்கின்றோம்.

பூசுங் காலம் எது எனின், எம் குடாநாட்டில் மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். வைகாசி முதற் சோளகம் வீசும்போது காற்றோடு வரும் மணல் ஈரப்பூச்சில் ஒட்டி அரத்தாள் போலாக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியிற் காற்றில் ஈரம் மிகுதி. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சின்மேல் நுண்பனியாகப் படியும். பூச்சு வெண்சாம்பல் பூத்துவிடும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேற்பட்ட நாளிற் பூசுதல் வேண்டா. மாசிப் பனிக்காலத்திலும் காலை ஒன்பது மணிக்கு முன் தகடு நனைந்தே இருக்கும். மாலையில் விளக்கேற்றிய பின் பூசினால் ஈசல் வந்து ஒட்டும். ஆகவே முற்பகலே உகந்தது, நிழலில், வெயில் நேரே படாத இடத்தில்.

தூரிகையாற் பூசினால் மயிர்க்கோடு தெரியும். விசிறற்பேணியே, அஃதாவது கடையில் 'ஸ்பிறேப் பேணி' என்று கேட்டு வாங்குவது, மாணாக்கருக்கு எளியது. பேணியைத் தகட்டினின்று 20 முதல் 25 சதமமீற்றர் தூரத்திற் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி, ஒரே வேகத்தில் மறுபுறம் கடந்து, வெளியே நிறுத்துக. ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடுதல் வேண்டும். கையை வட்டமாக வீசுவோர்க்கு நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வரும். மிக அருகே பிடித்தால் ஒழுகும். மிகத் தொலைவிற் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து தோடம்பழத் தோல் போலப் பொருக்குவிடும். முதற்பூச்சு மூடவேண்டும் என்பதில்லை. பனி படர்ந்தாற் போல இருந்தாற் போதும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்ததைப் பூசுக. மூன்று மெல்லிய பூச்சு, தடித்த ஒரு பூச்சினும் நன்று. அடிப்பூச்சுக் காய்ந்தபின் 600ஆம் இலக்க அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, அதன்மேல் நிறப்பூச்சுப் பூசுக. எனாமல் வகையில் இன்னொரு நுட்பம் உண்டு. மணித்தியாலம் ஒன்றினுள் அடுத்த பூச்சுப் பூசிவிடல் வேண்டும். அன்றேல் இரண்டு நாளாயினும் பொறுத்தல் வேண்டும். அரைகுறையாய்க் காய்ந்த நிலையிற் பூசினால் புதிய தின்னர் அடிப்படையை ஊறச்செய்து கிழவன் முகம் போலச் சுருக்கும். எந்தெந்த இடைவேளை என்பது பேணிக்குப் பேணி வேறுபடுமாதலின் அதன்மேல் அச்சிட்டிருப்பதே பிரமாணம்.

முகப்புப் பெரும்பாலும் பிளாத்திக்கு. அதனை அசற்றோனால் துடைத்தலாகாது, கரைந்துவிடும். சவர்க்கார நீர் போதும். பின்னர்ப் பிளாத்திக்குக்கென்றே விற்கும் அடிப்பூச்சைப் பூசுக. வெயிற்பட்டு மஞ்சளித்த பழைய முகப்புக்கள் பூச்சினுள் மறைந்துவிடும்.

நஞ்சைப் பற்றி ஒரு சொல். துணி முகமூடியும், பெருந்தொற்றுக் காலத்தில் யாவரும் அணிந்த கடதாசி முகமூடியும் துளியைத் தடுக்குமேயன்றித் தின்னரின் ஆவியைத் தடுக்கமாட்டா. கரி நிறைத்த உறைகள் பூட்டிய முகமூடியே ஆவியை உறிஞ்சும். எம்மிடம் அத்தகையது ஒன்றே உண்டு. ஆதலின் பூசும்போது ஒருவரே நிற்பார், ஏனையோர் காற்று வரும் பக்கத்தில் தூரத்தே நிற்பர். இறுகுபொருள் கலந்து பூசும் இருகூற்றுத் தீந்தையை எம் மாணாக்கர் கையாள யாம் இசைவதில்லை. அதிலுள்ள ஐசோசயனேற்றுக்கள் ஈளையை விளைக்கும். ஒருமுறை உடல் அதற்கு நொந்துவிட்டாற் பின் சிறிதளவும் தாங்காது. அதன் பளபளப்பு வாகனத்துக்கு இருக்கட்டும். எண்ணெய்த் தீந்தை துடைத்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றுதலும் உண்டு. அதனை நீர்வாளியில் இடுக.

இனிக் கூறப்போவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம் எனினும் அமையும். தீந்தை மின்னைக் கடத்தாது. பேழையோ மின்னைக் கடத்துதல் வேண்டும். வலு வழங்கியின் உலோகப் பெட்டி, செருகியின் மூன்றாம் ஊசி வழியாகப் புவித்தொடுப்போடு கூடியது. அது நான்கு திருகாணிகளாற் பேழையின் பின்தகட்டோடு பொருந்தும். பின்தகடு ஏனைத் தகடுகளோடு பொருந்தும். இச்சங்கிலி முழுமையாயிருப்பின், உள்ளே உயிர்க்கம்பி ஒன்று நழுவிப் பேழையைத் தொட்டாலும் மின் புவிக்குப் பாய்ந்து உருகி எரியும், தொடுபவர் தப்புவார். அழகாகப் பூசவேண்டும் என்று எல்லாப் பொருத்துமுகங்களையும் தீந்தையால் மூடிவிட்டால் சங்கிலி அறுந்தது. பேழை பார்வைக்குப் பேழையாகவே இருக்கும். தொழிலில் அது கம்பிமேல் வைத்த தகடு.

பழைய வீடுகளில், செருகுதுளை மூன்றிருந்தும் மூன்றாவது வெறுந்துளையாய் இருத்தல் உண்டு. அத்தகைய இடத்திற் கணினியின் பின்புறத்தைத் தொட்டவர் விரலிற் சுள்ளென்று ஓர் அதிர்வை உணர்வர். வலு வழங்கியின் இரைச்சல் வடிப்பில் இரு கொள்ளளவிகள் பேழையோடு இணைந்துள்ளன. புவித்தொடுப்பு இன்மையால் பேழை ஏறக்குறைய 115 உவோற்றில் மிதக்கின்றது. ஓட்டம் மிகச் சிறிதாதலின் அது கொல்லாது. ஆயின் அது எச்சரிக்கை. "கொம்பியூட்டர் எண்டால் கொஞ்சம் அடிக்கும்தானே" என்று கூறி மாணாக்கர் சிரிப்பதை யாம் கேட்டிருக்கின்றோம். அடிக்காது, அடித்தால் அங்கே ஒரு பழுது உண்டு. உடனே செருகியைக் கழற்றி மின்தொழிலாளரை அழைத்தல் வேண்டும்.

ஆகவே பூசுமுன்னரே, வலு வழங்கி அமரும் முகத்தையும், தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் தூண்கள் நிற்கும் துளைகளைச் சுற்றிப் பத்து மில்லிமீற்றர் வட்டத்தையும், பக்கக் கதவு பொருந்தும் விளிம்பிற் சிறிதையும் ஒட்டுநாடாவால் மறைத்துவிடுக. காய்ந்தபின் நாடாவை உரித்தால் வெறும் உலோகம் தோன்றும். அவ்விடத் திருகாணிகளின் கீழ்ப் பல்வளையம் இடுதலும் நன்று. அதன் பற்கள் உலோகத்தைக் கௌவிக்கொள்ளும். பூட்டியபின், மின்செருகியைச் சுவரிற் செருகாமலே, பன்மானியின் ஒரு நுனியைச் செருகியின் புவி ஊசியிலும், மற்றதைப் பேழையின் ஒவ்வொரு தகட்டிலுமுள்ள வெறும் உலோகத்திலும் வைத்துப் பார்க்க. ஓர் ஓமுக்குக் குறைந்து காட்டினால் நன்று. ஒரு தகடேனும் காட்டாவிடின் அப்பேழை எம் அறைக்குள் வாராது. இச்சோதனையை ஒரு மாணவன் செய்ய, மற்றொருவன் திரும்பச் செய்து, இருவரும் கையொப்பமிடுதல் எம் வழக்கம்.

நிறத்தைத் தெரிவதிற் சண்டை வந்தது. தீச்சுவாலை எழுதவேண்டும் என்றனர் சிலர். தமக்குப் பிடித்த துடுப்பாட்ட வீரரின் உருவம் வேண்டும் என்றனர் சிலர். கருநிறம் வெப்பத்தைத் தேக்கும் என்று ஒருவன் வாதித்தான். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். மேசைக்கீழ் நிழலில், விசிறி காற்றைத் தள்ளும் பேழைக்கு நிறத்தால் வரும் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஈற்றிற் கடலின் கருநீலம் தெரிந்து, அதன்மேல் மன்றத்தின் பெயரை வெண்ணிறத்தில் எழுதத் துணிந்தனர்.

இங்கே எம் தொழிலும் கணினித் தொழிலும் ஓரிடத்தில் வந்து கூடின. எழுத்தை அட்டையில் வெட்டி அதன்மேல் விசிறினால், ட, ப முதலிய எழுத்துக்கள் இடர் தாரா. அவற்றில் மூடிய வயிறு இல்லை. க, த, ம, வ, ண முதலியவற்றை வெட்டினாலோ வட்டத்தின் நடுத்துண்டு கழன்று விழும். விழாமற் காத்தற்கு ஒவ்வொரு வட்டத்தையும் மெல்லிய பாலத்தால் வெளியட்டையோடு இணைத்தல் வேண்டும். பாலத்தை எங்கே வைப்பது? மேலே வைத்தால் எழுத்து உடைந்தாற் போலத் தோன்றும். இரு கோடுகள் சந்திக்கும் மூலையில் வைத்தாற் கண் அதனைப் பொருட்படுத்தாது. 'மன்றம்' என்னும் ஒரு சொல்லுக்கு ஐந்து அட்டை கெட்டது. எழுத்தின் வரிவடிவத்தை இவ்வளவு உற்று நோக்கிய வகுப்பை யாம் கண்டதில்லை. புள்ளி மட்டும் எளிது. ஆணியாற் குத்திய துளை போதும். அது கேட்டு மகிழ்ந்தவர் மெய்யெழுத்தை ஏழெட்டு ஆண்டாகப் புள்ளியின்றி எழுதும் ஒரு மாணாக்கர்.

தொடக் காய்ந்தது முற்றக் காய்ந்ததாகாது. எனாமற் பூச்சு முற்ற இறுகுதற்குக் கிழமைகள் செல்லும். அதற்குமுன் பூட்டினால் திருகாணித் தலை பூச்சில் அழுந்தி வடுவாகும். யாம் ஒரு மாதம் பொறுத்தோம். மூன்று பேழைகளுள் ஒன்று முடிந்து சஞ்சிகை அறையில் ஓடுகின்றது. இரண்டாவது அடிப்பூச்சோடு நிற்கின்றது. மூன்றாவதன் பின்தகடு இன்னும் அறுக்கப்படவில்லை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் பலர் கல்லூரிக்குப் புதிய கணினிகளை அனுப்ப விரும்புவதாக எழுதுகின்றனர். அவர்கள் அன்பு பெரிது. யாம் வேண்டுவது 114 மில்லிமீற்றர் வட்டவாள் ஒன்று, கரியுறை பூட்டிய முகமூடி நான்கும் அவற்றுக்கு மாற்றுறைகளும், நம்பத்தக்க பன்மானி இரண்டு. உள்ளூரில் உள்ளோர் தம் வீடுகளில் ஒதுக்கிவைத்த துருப்பேழைகளைத் தந்தால் அவையும் ஏற்கப்படும்; ஏ.ரி.எக்ஸ். அளவினவா என்று மட்டும் முன்னரே அளந்து அறிவிக்க. செவ்வாய், வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் விஞ்ஞான கூடத்தின் பின்விறாந்தையில் வேலை நடைபெறும்.